ஒரு இழுப்பு, ஒரு வேலை
அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். அதற்கு முதலில் வாங்குவது ஒரு இரும்பு பிரஸ். எதை வாங்குவது என்பதில் காசைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது: கண்ணும் விரலும் பத்திரமாக இருக்க வேண்டும்.

அமெரிக்கச் சிறு நகரங்களில் கார் ஷெட்டில் கார் மட்டும் நிற்பதில்லை. புல் வெட்டும் மெஷின், தூண்டில், பிள்ளைகள் ஓட்டி முடித்த சைக்கிள் எல்லாம் அங்கேதான் அடைக்கலம். லட்சக்கணக்கான வீடுகளில் இந்தச் சாமான்களுக்கு நடுவே, சுவரை ஒட்டி ஒரு கனத்த மர மேஜையும் இருக்கும். அதன் விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கிய, முழங்கை உயர இரும்புச் சாதனம் ஒன்று. பக்கவாட்டில் நீண்ட கைப்பிடி. சோடா கம்பெனியில் பாட்டிலுக்கு மூடி அழுத்தும் மெஷினின் தம்பி மாதிரி தோற்றம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்காரர் அதன் முன் அமர்ந்து கைப்பிடியை இழுத்து இழுத்து விடுகிறார். மாலையில் அவர் கையில் 50 தோட்டாக்கள்.

போலீஸ் வராது. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால்தான் வேண்டும். மாநில, நகர விதிகள் தனி. துப்பாக்கி மருந்தின் வாசனையே அறியாமல் வாழ்க்கையை ஓட்டிவிடும் இந்திய வாசகருக்கு இது வேறு கிரகத்துச் சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் அங்கே இது தபால்தலை சேகரிப்பு போல, மரவேலை போல ஒரு பொழுதுபோக்கு. தபால்தலை சேகரிப்பில் தவறு நேர்ந்தால் கை போகாது என்பதுதான் வித்தியாசம்.

காலிக் கூட்டின் மறுபிறவி

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்திருக்கும் பொட்டு போன்ற பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டுகிறது. பிரைமர் மருந்தைப் பற்றவைக்கிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் கொஞ்சம் உப்பிப்போய் மிஞ்சும். நான்கில் பெரும்பாலும் அதுதான் விலை கூடியது. அதைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்?

உப்பிய கூட்டை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த பிரைமரைத் தட்டி வெளியேற்றி, புதியதைப் பதித்து, மருந்தை அளந்து போட்டு, குண்டைச் செருகினால் மறுபடி ஒரு தோட்டா தயார். ஒரே கூடு பல முறை இப்படி மறுபிறவி எடுக்கும். வாயில் கீறல் விழுந்தாலோ, அடிப்பக்கம் மெலிந்தாலோதான் அதற்கு முக்தி.

இந்த வேலையை எளிதாக்கிக் கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வேடிக்கை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் 1860-களில் வடிவமைத்த பிரைமர்தான் இன்று அமெரிக்காவில் வழக்கில் இருக்கிறது. கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே ஒரு துளை. மேலிருந்து ஒரு கம்பியை இறக்கினால் பிரைமர் கழன்று விழும். அதே காலகட்டத்தில் அமெரிக்கரான ஹைரம் பெர்டான் வடிவமைத்த பிரைமர் ஐரோப்பாவில் குடியேறியது. அதில் நடுத் துளை கிடையாது, ஓரமாக இரண்டு சிறு துளைகள். கழற்றுவது பெரும் ரோதனை. பெர்டான் முறை அமெரிக்காவில் நிலைத்திருந்தால் கார் ஷெட் மேஜைகளில் பல முளைத்தே இருக்காது.

சலவைக் கடையிலிருந்து

தொழிலின் வேர் 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1884-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி, பாக்குவெட்டி மாதிரியான கைக்கருவிகளைச் செய்து விற்றது. 1925-இல் அதை லைமன் நிறுவனம் வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நல்ல குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் என்ற இளைஞர், 1943-இல் தந்தையின் சலவைக் கடைக்குப் பின்புறம் குண்டு அழுத்தும் அச்சுகளைச் செய்யத் தொடங்கினார். பாறை இடுக்குகளில் வாழும் ‘ராக் சக்’ என்ற கொறிக்கும் பிராணியை வேட்டையாடுபவர்களுக்காகச் செய்த அச்சு என்பதால் அந்தப் பெயரையே சேர்த்துக்கொண்டார். அதன் சுருக்கம்தான் ஆர்.சி.பி.எஸ். அதன் ‘ராக் சக்கர்’ பிரஸ் பின்னாளில் இந்தத் துறையின் அம்பாசிடர் கார் ஆயிற்று. கனம், பழைய மோஸ்தர், சாகாது.

1958-இல் ரிச்சர்ட் லீ என்பவர் விஸ்கான்சினில் சின்னஞ்சிறு பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் பிரஸ்ஸே கிடையாது. அச்சில் கூட்டை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டியதுதான். பையில் காசில்லாதவர்களும் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். அவருடைய லீ நிறுவனம் இன்றும் மலிவு விலைக்குப் பேர் பெற்றது.

முறுக்கு நாழி தத்துவம்

இன்று கடைக்குப் போனால் மூன்று ஜாதி பிரஸ்கள் கண்ணில் படும். முதலாவது ‘சிங்கிள் ஸ்டேஜ்’. ஒரு நேரத்தில் ஒரே அச்சு, ஒரு இழுப்புக்கு ஒரே வேலை. இரண்டாவது ‘டரெட்’. தலையில் சுழலும் வட்டத்தில் நாலைந்து அச்சுகள். மூன்றாவது ‘ப்ரோக்ரெஸிவ்’. ஒரு இழுப்பில் எல்லா வேலையும் ஒரே சமயத்தில் வெவ்வேறு கூடுகளில் நடக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வந்து விழும்.

சிங்கிள் ஸ்டேஜின் தத்துவம் நம் வீட்டு முறுக்கு நாழியேதான். நாழி ஒன்று, தட்டு மட்டும் மாறும். ஓமப்பொடிக்கு ஒரு தட்டு, தேன்குழலுக்கு ஒரு தட்டு. பிரஸ்ஸில் தட்டுக்குப் பதில் ‘டை’ என்கிற அச்சு. அச்சின் மரைக்கு முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 7/8 அங்குலம் என்று ஒரு பொது அளவு பல ஆண்டுகளாக நிலைத்துவிட்டது. அதனால் ஒரு கம்பெனியின் அச்சு இன்னொரு கம்பெனியின் பிரஸ்ஸில் பெரும்பாலும் உட்காரும். தாத்தா வாங்கிய பிரஸ்ஸில் பேரன் நேற்று வாங்கிய அச்சை மாட்டலாம்.

வேலை ஈடு ஈடாக நடக்கிறது, இட்லி மாதிரி. முதலில் ஐம்பது கூடுகளையும் அமுக்கிப் பழைய பிரைமரை எடுப்பது. பிறகு அச்சைக் கழற்றிவிட்டு ஐம்பதுக்கும் புதிய பிரைமர் பதிப்பது. அப்புறம் ஐம்பதையும் பல்லாங்குழி போன்ற துளைப் பலகையில் நிறுத்தி மருந்து போடுவது. கடைசியில் குண்டு செருகுவது. ஒரு தோட்டா முடிவதற்குள் அந்தக் கூட்டை நாலைந்து முறையாவது கையில் எடுத்தாக வேண்டும். மணிக்கு 50 முதல் 100 வரை தேறினால் அதிகம். ப்ரோக்ரெஸிவ்வில் அதே நேரத்தில் சில நூறு தயாராகிவிடும்.

அப்படியானால் மெதுவான மெஷினை ஏன் வாங்க வேண்டும்? அனுபவஸ்தர்கள் புதியவர்களுக்கு அதையே ஏன் சிபாரிசு செய்கிறார்கள்? விலை குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் அது முக்கியக் காரணம் அல்ல.

இரட்டிப்பு மருந்து என்னும் எமன்

9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது சுமார் 32 பவுண்டு. ஏறக்குறைய ஆயிரம் டயர்களின் அழுத்தத்தை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் ஒருவர் குறிபார்க்கிறார். .308 ரைஃபிள் தோட்டாவில் இது 62,000 பவுண்டு. இரும்புக் குழல் அதைத் தாங்கும். ஆனால் அளவு மீறாதவரைதான்.

மருந்தை அளப்பது ‘கிரெயின்’ கணக்கில். ஒரு கிராமைப் பதினைந்து பங்காக்கினால் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு கிரெயின். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை தராசு காட்ட வேண்டும். தட்டான் தங்கம் நிறுப்பதைவிடக் கவனமான வேலை. கைத்துப்பாக்கிக்கான வேகமாக எரியும் மருந்துகளில் சில, கூட்டில் பாதி இடத்தைக்கூட நிரப்பாது. போன் மணி அடிக்கிறது, குழந்தை கூப்பிடுகிறது, எழுந்து போய் வருகிறார். மருந்து போட்ட கூட்டிலேயே மறுபடியும் போடுகிறார். கூடு வழியாது, காட்டிக்கொடுக்காது. சுட்ட கணத்தில்தான் தெரியும். துப்பாக்கி வெடித்துச் சிதறும்.

எதிர்த் தவறும் உண்டு. மருந்தே போடாமல் விடுவது. பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு கிளம்பி, குழலுக்குள் பாதியில் சிக்கிக்கொள்ளும். ‘டப்’ என்று சன்னமாக ஒரு சத்தம். என்னவென்று பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

சிங்கிள் ஸ்டேஜின் மகிமை இங்கேதான் இருக்கிறது. ஐம்பது கூடுகளும் வாய் திறந்து, ஒரே பலகையில், ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் மருந்து மேலேறிய ஒன்றும், காலியான ஒன்றும் உடனே கண்ணை உறுத்தும். ப்ரோக்ரெஸிவ்வில் நான்கு வேலைகள் ஒரே இழுப்பில் நடப்பதால் பார்வை சிதறுகிறது. அடுத்த இழுப்பில் குண்டு வந்து மூடிவிட்டால் தவறும் உள்ளேயே மூடப்பட்டுவிடும். மருந்தின் மட்டம் பார்த்து மணியடிக்கும் உபகருவிகள் அதற்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மணி அடிக்கவில்லை என்பதற்கும், கண்ணால் பார்த்தாயிற்று என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மெதுவான மெஷின் யாருக்கும் கவனத்தைத் தந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது தருவது அவகாசம். அதைப் பயன்படுத்தாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எதைப் பார்த்து வாங்குவது?

சிங்கிள் ஸ்டேஜ் என்று முடிவான பிறகும் கடைக்காரர் முன் பத்துப் பதினைந்து பிரஸ்களை வைப்பார். நூறு டாலருக்குள்ளும் கிடைக்கும், சில நூறு டாலருக்கும் கிடைக்கும். எல்லாம் அழுத்தும். வித்தியாசம் எங்கே?

முதலில் சட்டம், அதாவது ஃபிரேம். ஆங்கில ‘சி’ எழுத்து மாதிரி முன்பக்கம் திறந்திருப்பது ஒரு வகை. கை தாராளமாகப் போய்வரும். ஆனால் ரைஃபிள் கூட்டை அமுக்கும் பலத்தில் அது லேசாக வாய் விரியும். ‘ஓ’ எழுத்து மாதிரி மூடிய சட்டம் விரியாது. கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும் என்றால் சின்ன ‘சி’ போதும். பெரிய ரைஃபிள் என்றால் வார்ப்பிரும்பு ‘ஓ’தான் சரி. ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர், நியூயார்க் மாநிலத்தின் ரெடிங் நிறுவனம் செய்யும் பிக் பாஸ், லீயின் கிளாஸிக் காஸ்ட் ஆகியவை இந்த ரகம். அலுமினியக் கலவைச் சட்டங்களையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மிதமான வேலைக்கு அவை தாங்கும்.

இரண்டாவது, வாய்ப்பின் உயரம். நீண்ட ரைஃபிள் கூட்டின் மேல் குண்டையும் வைத்து விரலால் பிடித்தபடி உள்ளே நுழைக்க இடம் வேண்டும். சின்ன பிரஸ்களில் இங்கேதான் விரல் நசுங்கும்.

மூன்றாவது, நேர்க்கோடு. கூட்டை மேலே தூக்கும் தண்டு ஆடாமல் அச்சின் நட்ட நடுவுக்குப் போக வேண்டும். குண்டு துளி சாய்ந்து உட்கார்ந்தாலும் தூரத்துக் குறி தப்பும். இலினாய் மாநிலத்தின் ஃபார்ஸ்டர் நிறுவனம் செய்யும் ‘கோ-ஆக்ஸ்’ இதற்கு வேறு வழி கண்டது. அதில் அச்சை முடுக்கவே வேண்டாம், பக்கவாட்டில் சொருகினால் போதும். அச்சும் கூடும் கொஞ்சம் மிதந்து தாமாகவே நேர்ப்பட்டுக்கொள்ளும். கைப்பிடியும் நடுவில் இருப்பதால் இடதுகைக்காரருக்கும் தொந்தரவில்லை. விலைதான் நெஞ்சை அடைக்கும்.

நான்காவது, அச்சு மாற்றும் வசதி. ஒவ்வொரு ஈட்டுக்கும் அச்சைக் கழற்றி, மாட்டி, உயரம் சரிபார்ப்பது அலுப்பு. நெப்ராஸ்காவின் ஹார்னடியும் லீயும் இதற்கு ஒரு வளையம் செய்திருக்கின்றன. அச்சு வளையத்திலேயே நிரந்தரமாக இருக்கும், லேசாகத் திருப்பினால் கழலும். ஒருமுறை வைத்த உயரம் மாறாது. அலுப்பு குறைந்தால் தவறும் குறையும்.

ஐந்தாவது, பலரும் கேட்க மறக்கும் கேள்வி: செத்த பிரைமர் எங்கே போய் விழும்? சாதாரண பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. எரிந்த பிறகு அந்தத் தூசி பிரஸ்ஸின் அடியிலும் மேஜையிலும் படிகிறது. பிள்ளைகள் விளையாடும் வீட்டுக்கு அது ஆகாது. சில பிரஸ்களில் தண்டு உள்ளீடற்றது. பிரைமர் அதற்குள்ளேயே இறங்கிக் குழாய் வழியாகப் புட்டியில் சேர்ந்துவிடும். எந்த பிரஸ்ஸானாலும் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

கடைசியாக, பழைய சாமான். வார்ப்பிரும்பு பிரஸ் ஒருவர் ஆயுளைத் தாண்டியும் உழைக்கும். எண்பதுகளில் வாங்கியது இன்று பாதி விலைக்குக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துரு மேலோட்டமானால் துடைத்தால் போகும்.

மிச்சம் பிடிக்கும் காசைப் போட வேண்டிய இடம் தராசு. பிரஸ் மட்டமாக இருந்தால் தோட்டா கோணலாகும். தராசு மட்டமாக இருந்தால் ஆள் காலி. தராசுக்கு அடுத்தது, எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று தயாரிப்பாளர்களே சோதித்து வெளியிடும் கையேடு. அதில் சொன்ன குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேஜையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கலாம். பிரஸ்ஸைத் தாங்கும் மேஜையும் அசையக் கூடாது. கூட்டுக்கு எண்ணெய் தடவ மறந்தால் அது அச்சுக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். அப்போது ஆடும் மேஜை பிரஸ்ஸோடு சேர்ந்து எழுந்து வரும்.

மிச்சமா, செலவா?

‘எவ்வளவு மிச்சம்?’ என்று கேட்டால் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் சிரிப்பார்கள். தோட்டாவின் அடக்கவிலை குறைகிறது, அதனால் அதிகமாகச் சுடுகிறார்கள், மொத்தச் செலவு அதே இடத்தில் நிற்கிறது. வேட்டைக்காரருக்கும் குறிபார்ப்புப் போட்டிக்காரருக்கும் வேறு லாபம் உண்டு. தங்கள் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி தோட்டா கிடைக்கும். கடைகளில் அருகிவிட்ட பழைய ரகங்களை உயிரோடு வைத்திருக்கவும் இது ஒன்றே வழி.

பஞ்ச காலத்துக்கு ஆகும் என்ற நினைப்பும் உண்டு. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, புதுச் சட்டம் வரும் என்ற பயத்தில் 2013 முழுக்கக் கடை அலமாரிகள் காலியாயின. 2020-இல் கொரோனா வந்தபோது மறுபடி அதே கதை. பிரஸ் வைத்திருந்தவர்கள் மார் தட்டிக்கொண்டார்கள், பிரைமர் கிடைக்காமல் போகும்வரை. பித்தளையைத் திரும்பப் பயன்படுத்தலாம், குண்டைக்கூட ஈயத்தை உருக்கி வார்த்துக்கொள்ளலாம். பிரைமரை வீட்டில் செய்ய முடியாது, செய்ய முயல்வதும் மடத்தனம். அதற்கு ஃபெடரல், சி.சி.ஐ., வின்செஸ்டர், ரெமிங்டன் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகளையே நாடு நம்பியிருந்தது. சுயசார்பின் அடையாளமான மேஜையில் பிரஸ் தூசி படிந்து நின்றது.

இங்கே ஆயுள்வரை

இந்தியாவில் இந்தக் கதைக்கு இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதைத் தடுக்கிறது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இதற்குத் தண்டனை குறைந்தபட்சம் ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பதாலேயே தோட்டா தயாரிக்கும் உரிமை வந்துவிடாது.

நம் பதக்கக்காரர்கள் இதை இழப்பாக நினைக்கவும் வழியில்லை. 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது ஏர் ரைஃபிளில். அதில் மருந்தே கிடையாது. 2012-இல் விஜய் குமாருக்கு வெள்ளியும் 2024-இல் ஸ்வப்னில் குசாலேக்கு வெண்கலமும் வாங்கிக் கொடுத்தவை .22 தோட்டாக்கள். அவற்றில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஒருமுறை சுட்டால் கூடு குப்பைக்குத்தான். எந்த பிரஸ்ஸாலும் அதற்கு மறுபிறவி கொடுக்க முடியாது.

ஆக, பிரஸ்ஸும் மேஜையும் அமெரிக்காவோடு நிற்கின்றன. அங்கேயும் தீயணைப்புத் தர விதிகள் பக்கத்தில் நிற்கின்றன. வீட்டில் மருந்து 20 பவுண்டு வரை, அதுவும் வாங்கிய டப்பாவிலேயே. பிரைமர் பத்தாயிரம் வரை. சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது என்று விதி எழுத வேண்டியதே இல்லை.

மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் கார் ஷெட்டில் கைப்பிடியின் சத்தம் நின்றுவிடுகிறது. மேஜை விளக்கு மட்டும் எரிகிறது. பலகையில் ஐம்பது கூடுகள். மருந்து போட்டாயிற்று, குண்டு இன்னும் வைக்கவில்லை. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்க்கிறார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவர் மறுபடியும் முதல் வரிசையிலிருந்து ஆரம்பிக்கிறார். சாப்பாடு ஆறிப்போனால் சுடவைத்துக்கொள்ளலாம்.